மூன்று மஞ்சள் கோடுகள்

வேகத்தடை இன்னும் இருபது அடியில் இருக்கிறது, வடவள்ளியைத் தாண்டினதும் வருகிற முதல் வேகத்தடை, மஞ்சளும் வெள்ளையும் அடித்துப் பளிச்சென்று தெரிகிறது, இரண்டாவது கியருக்கு வந்தாயிற்று, பக்கத்து சீட்டில் வசந்தாமணி மடியில் இட்லி வைத்த தூக்குப்போசியை வலது கையால் அணைத்துக்கொண்டு இடது கையால் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது, அதைப் பார்க்கக் கூடாது, ரோட்டைப் பார், ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஏறியது. ஏறியது என்று கண் சொல்கிறது, முதுகு சொல்லவில்லை. இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. வண்டியின் மூக்கு ஒரு முறை மேலே போய் ஒரே முறை கீழே வந்து அப்படியே நின்றுகொண்டது, இரண்டாவது ஆட்டம் இல்லை. அவ்வளவுதானா? ஆறு வருஷமாக நான் கனவில் ஏறி இறங்கிய வேகத்தடை இவ்வளவுதானா? அவளைத் திரும்பிப் பார்க்காமல் காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். ‘ஸ்’ என்று ஒரு சத்தம் வருமா என்றுதான் காது காத்துக்கிடக்கிறது. வரவில்லை. “சட்னி டப்பா மூடி சரியா மூடலீங்க போல” என்கிறாள். சட்னியைப் பற்றிப் பேசுகிறாள். வேகத்தடை மேல் போய்விட்டு வந்து சட்னியைப் பற்றி! எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, சொன்னால் சிரிப்பார்கள், அறுபது வயது மனுஷன் ரப்பரையும் எண்ணெயையும் நினைத்துப் புல்லரித்துப்போய் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தொண்டாமுத்தூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன்.

நரசீபுரம் வரைக்கும் இருபது கிலோமீட்டர்கூட வராது. அங்கே அவள் அக்கா வீடு. ஆறு வருஷமாக அந்த வீட்டுக்கு அவள் வாடகைக் காரின் பின்சீட்டில், தலையணை மேல் தலையணை வைத்துப் படுத்தபடிதான் போய் வந்தாள். இன்றைக்கு உட்கார்ந்து போகிறாள், அதுவும் இந்த வண்டியில். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தைரியம் எனக்கு எங்கே இருந்தது? நேற்றுச் சாயங்காலம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளாகத்தான் சொன்னாள், “நாளைக்கு அக்கா ஊட்டுக்கு உங்க தவளையிலயே போலாமுங்க.” தவளை. அவள் வைத்த பேர். பச்சை நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது, மழை வந்தால் துணிக் கூரையை இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், உட்கார்ந்தால் ரோடு கைக்கு எட்டுகிற மாதிரித் தாழ்ந்த வண்டி, கல்யாணமான புதிதில் எங்களுக்கு இருந்த வயதைவிட அதற்கு இப்போது இரட்டிப்பு வயது. குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் இதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்கள், பின்னால் கோழி எரு, முன்னால் இரண்டு வட்ட விளக்கு, அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பம்ப் கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன் நான், எதைக் கண்டாலும் முதலில் குறை கண்டுபிடிக்கிற கண், எத்தனை பேர் முகம் சுளிக்க எத்தனை வார்ப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அந்தக் கண்ணுக்கு அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஓட்டப் பழகினதும்தான் தெரிந்தது. வளைவில் சாய்கிறது. சாய்ந்தால் என்ன? சாயட்டுமே என்று விட்டிருக்கலாம். விடவில்லையே. படத்தில் பார்க்கிற ரேஸ் வண்டி மாதிரி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு கிறுக்கு. முன் ஸ்ப்ரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டச் சொன்னேன், இரும்பு மாதிரி இறுகின ஷாக் அப்சார்பர் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். மெக்கானிக் மருதாசலம் கையில் ரம்பத்தை வைத்துக்கொண்டே நின்றார். “வேண்டாமுங்க சார். இது ரேஸ்ல ஓடற வண்டிக்குங்க. நம்ம ரோட்டுல இதைப் போட்டு ஓட்டுனா குழி ஒவ்வொண்ணும் நேரா முதுகுலதான் வந்து இடிக்கும். அம்மா உக்கார்ற வண்டிங்க.” நான் என்ன சொன்னேன்? “வெட்டுங்க மருதாசலம்.” இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை நான் வசந்தாமணியிடம் இதுவரை சொன்னதில்லை.

ஒரு மினி பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே முந்திப் போகிறது, போகட்டும், முப்பத்தைந்துக்கு மேல் நான் போகப்போவதில்லை. நல்ல வேலை செய்திருக்கிறேன், மனசே, பயப்படாதே, வெட்டின ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு எல்லாம் பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செய்த வேலை. கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு, நட்டை முழுசாக முறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல மஞ்சள் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடே இல்லை என்றால் அந்தப் பம்ப் கேட்டைத் தாண்டாது. அதே பேனா, அதே மஞ்சள். முன்சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற கீழ்க் கைக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட், இரண்டு பக்கத்துக்கு நாலு. வலது பக்கம் முன்னால் ஒன்று, வலது பக்கம் பின்னால் ஒன்று, இடது பக்கம் முன்னால் ஒன்று. நாய்! நாய் குறுக்கே வந்து, யோசித்து, திரும்பிப் போகிறது. பிரேக்கில் கால் வைத்தபோது மூக்கு கொஞ்சமாகக் குனிந்து நிமிர்ந்தது, முன்பெல்லாம் குனியவே குனியாது, மொத்தமாக முட்டிக்கொள்ளும். எங்கே விட்டேன்? என்னவோ எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு, ஆறு வருஷத்துக்கு முன்னால், பொள்ளாச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் பத்துப் பேர் ஒரு தென்னந்தோப்பில் கூடிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. அவள் மாம்பழக் கலரில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பேர்கூடத் தெரியாத ஒரு ஊரில், பெயின்ட் அடிக்காத ஒரு வேகத்தடை, புளிய மரத்து நிழல் விழுந்து ரோடு மாதிரியே கிடந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறிவிட்டேன். அடித்தது ஒரே அடிதான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு போல்ட் தளரவில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. அவள் ‘ஸ்’ என்றாள். “என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்” என்றாள். தோப்பில் எல்லோரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்து, எவ்வளவு தாழ்வாக நிற்கிறது என்று மெச்சினார்கள், அவள் ஒரு தென்னை மரத்தில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டாள், உட்காரவில்லை. உட்காரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிற மாதிரி இருக்கிறது, அன்றைக்கே தெரிந்தது, தெரிந்துதான் இருந்தது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. டாக்டர் வயசு என்றார், தேய்மானம் என்றார், அடியாலும் இருக்கலாம், அடி இல்லாமலும் இருக்கலாம் என்றார். இருக்கலாம், இருக்கலாம். ஒரு இன்ஸ்பெக்டரை ‘இருக்கலாம்’ என்கிற வார்த்தையோடு ஆறு வருஷம் குடித்தனம் பண்ண வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை. ஆபரேஷன் முடிந்து எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் நாலு திருகாணி. வெள்ளை வெளேரென்று, மரை எண்ணலாம் போல் தெரிந்தது. நான் வாய் தவறி, “டாக்டர், இதை எவ்வளவு முறுக்கு வைத்து இறுக்குவீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார், அவள் கட்டிலில் படுத்தபடி சிரிக்க முயன்று முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உயிருள்ள எலும்புக்குள் இரும்பைத் திருகி, அந்த எலும்பு அதை வெளியே தள்ளாமல் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அவள் அதன் மேல் எழுந்து நின்று, நடந்து, கோலம் போடாவிட்டாலும் கோலம் போடுகிறவளை அதட்டிக்கொண்டு, தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று, ஐயோ, மனுஷ உடம்பைப் போல ஒரு வேலைப்பாடு எங்கே இருக்கிறது, எந்தக் கம்பெனியில் செய்வார்கள்?

தொண்டாமுத்தூர் வந்துவிட்டது. வெங்காயச் சருகு வாசனை. டீக்கடையில் நாலு பேர் கையில் டம்ளரோடு தவளையைப் பார்த்துத் திரும்புகிறார்கள், வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்கிறாள், அவளுக்கு எப்போதும் நிமிர்ந்துதான் உட்கார முடியும், ஆனால் இது வேறு நிமிர்வு, பார்க்கட்டும் என்கிற நிமிர்வு. கடை வீதியில் ரோடு தோண்டி மூடியிருக்கிறார்கள், மூடினதாகப் பேர், ஒரு முழத்துக்கு ஒரு பள்ளம். சக்கரம் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு விழுந்து எழுந்து போகிறது, இடது சக்கரத்துக்கு வந்தது வலது சக்கரத்துக்குத் தெரியவில்லை, கீழே அத்தனை அல்லல் நடக்கிறது, மேலே இட்லிப் போசியின் மூடி லேசாகக் கிணுகிணுக்கிறது, அவ்வளவுதான். இதற்காகத்தான் கணபதிப் பக்கத்துப் பட்டறையில் ஸ்ப்ரிங் சுற்றுகிறவரிடம் மூன்று தடவை அலைந்தேன். பழுக்கக் காய்ச்சின கம்பியை உருளையில் சுற்றி எண்ணெயில் போட்டபோது புகையோடு எழுந்த அந்தச் சத்தம்! “ரோட்டு வண்டிக்குங்களா, ரேசுக்குங்களா?” என்று அவரும் மருதாசலம் மாதிரியே ஆரம்பித்தார். ரோட்டுக்கு, ரோட்டுக்கு, வீட்டம்மா உட்காருகிற வண்டிக்கு என்று சொன்னேன், இந்தத் தடவை நானே சொன்னேன். ஷாக் அப்சார்பரில் பன்னிரண்டு திருப்பு உண்டு, திருப்பத் திருப்ப இறுகும், நான் மூன்றில் வைத்திருக்கிறேன். எல்லோரும் கெட்டியான பிளாஸ்டிக் புஷ் போடச் சொன்னார்கள், ரொம்ப நாள் உழைக்குமாம். மருதாசலம்தான் ரப்பரே போடுங்கள் என்றார். ரப்பர் புஷ் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற சமாச்சாரம், வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் ஒரு விரல் கனத்துக்கு ரப்பர். அந்தக் குட்டி ரப்பர்தான் ரோட்டுக்கும் மனுஷனுக்கும் நடுவில் நிற்கிறது. அதை முதல் முதலாகக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தபோது ஏனோ கும்பிடத் தோன்றியது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அதன் நடுவே போகிற போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டால், அந்தத் தொங்கல்தான் தன் நிலை என்று ரப்பர் எடுத்துக்கொள்ளும். வண்டியை இறக்கினதும் வாழ்நாள் பூராவும் முறுகியே கிடந்து கடைசியில் கிழிந்துபோகும். அதனால் தூக்கினபோது கையளவுக்கு, விரலால் இறுகுகிற வரைக்கும் மட்டும் முறுக்க வேண்டும். இறக்கி, பாரம் ஏற்றி, ஆள் உட்கார்ந்தால் எப்படி நிற்குமோ அப்படி நிற்க வைத்துவிட்டுத்தான் கடைசி முறுக்கு. சக்கரத்துக்கு அடியில் பலகை அடுக்கி வண்டியை இறக்கினேன். என் சீட்டில் என் கனத்துக்கு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை மூன்று. அவள் சீட்டுக்கு எத்தனை? அவள் இப்போது எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவளின் கனம் தெரியவில்லை. கேட்டேன். “எதுக்குங்க, சந்தையில கொண்டுபோய் விக்கப் போறீங்ளா?” என்றாள். கொஞ்சம் கழித்து, “அம்பது இருப்பேனுங்க” என்றாள். முன்பு அறுபத்தைந்து இருந்தாள். அவள் சீட்டில் இரண்டே மூட்டையை உட்கார வைத்தேன்.

இப்போது தோப்பு. இரண்டு பக்கமும் பாக்கு மரம், எதிரே மலை, மேகம் பாதி மலையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது, கூரை இல்லாததால் மேலே பார்த்தால் ஆகாசம் மரங்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. காற்று குளிர்ந்துவிட்டது. வசந்தாமணியின் இடது கை கதவுப் பிடியில் இல்லை. எப்போது எடுத்தாள்? நான் பார்க்கவில்லையே. இரண்டு கையும் மடியில் போசி மேல் கிடக்கிறது, விரல்கள் விரிந்து கிடக்கின்றன, தலை பின்னால் சாய்ந்து கண் மூடியிருக்கிறது. தூங்குகிறாளா? உட்கார்ந்தபடி அவள் தூங்கி நான் பார்த்து ஆறு வருஷமாயிற்று. பேசாதே, மூச்சைக்கூட மெதுவாக விடு. இதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொன்னால் புரியும், ஒரு எருமை மாட்டுக் கனத்துக்கு இரும்பு, அதை நாலு ஸ்ப்ரிங்கும் நாலைந்து டம்ளர் எண்ணெயும் கொஞ்சம் ரப்பரும் ஏந்திக்கொண்டு போகிறது, அதன் மேல் நாலு திருகாணி வைத்த ஒருத்தி கண் மூடித் தூங்குகிறாள். எனக்குக் கண் நிறைகிறது, துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கப் பயமாக இருக்கிறது. போசி மூடி விலகி இட்லி வாசனை வருகிறது. நேற்று ஊறப் போட்டு ஆட்டின மாவு, புளித்த வாசனையும் வேகவைத்த துணியின் வாசனையும் கலந்து. அந்த அரிசியைத்தான் நேற்று மத்தியானம் நான் மூட்டையோடு. மூட்டையோடு. இரு. வலது பக்கம் முன்னால் ஒன்று, கோடு போட்டேன். வலது பக்கம் பின்னால், கோடு போட்டேன், பேனா தீர்ந்தது போலிருந்தது, உதறினேன். இடது பக்கம் முன்னால், கோடு போட்டேன். இடது பக்கம் பின்னால். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நகர்ந்தேன், தலைக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு, அப்போது வாசலில் அவள் கால் தெரிந்தது. “ஏனுங்க, இட்லியரிசி மூட்டைய எங்க கொண்டுபோய் வெச்சீங்க? ஊறப் போடோணும்.” “உன் சீட்ல உக்காந்திருக்குது பாரு” என்றேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நான் வெளியே வந்து, அவளால் தூக்க முடியாது என்று ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், அண்டாவில் கொட்டி, கை கழுவி, சாப்பிட்டு, நல்ல கத்தரிக்காய்க் குழம்பு, சாப்பிட்டு வந்து பலகையை எடுத்து, வண்டியைக் கழுவி, துடைத்து. நாலாவது போல்ட்?

போட்டிருப்பேன். சாப்பிட்டு வந்ததும் போட்டிருப்பேன். போட்டிருந்தால் பாதி காலியான சீட்டில் மறுபடி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்திருப்பேனே, வைத்தேனா? வைக்கவில்லை. வைத்த நினைவு இல்லை. நினைவு இல்லை என்றால் வைக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஆகிவிடும், கம்பெனியில் அப்படித்தான், எழுதாதது நடக்காதது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவன் குழம்புக்கு மயங்கிக் கோட்டை விட்டான். சரி, என்ன ஆகிவிடும்? கையளவு முறுக்கு இருக்கிறது, ஸ்பானரால் ஒரு கால் சுற்று கொடுத்த ஞாபகம் இருக்கிறது, நட்டுக்குள் நைலான் வளையம் இருக்கிறது, கழன்று விழாது. இன்னும் ஏழு கிலோமீட்டர். முப்பதில் போகலாம். இருபதில் போகலாம். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, அவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் கீழே புகுந்து முறுக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? இப்போது நிறுத்தினால் அவள் எழுந்துவிடுவாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த தூக்கம். எழுந்து “என்னுங்க?” என்று கேட்பாள், நான் சொல்ல வேண்டும், சொன்னால் இனி இந்த வண்டியில் ஏறுவாளா? ஏற மாட்டாள். யார்தான் ஏறுவார்கள்? அதனால் நிறுத்த வேண்டாம். அவள் நன்மைக்காகத்தான். அவள் தூங்கட்டும் என்பதற்காகத்தான். பார், எவ்வளவு அழகாகக் காரணம் வருகிறது. அன்றைக்கும் இப்படித்தான் வந்தது, மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம், பக்கத்தில்தானே போகப்போகிறோம், வெட்டுங்க மருதாசலம். ஓடைப் பாலம் வருகிறது, சின்னப் பாலம், ரோடும் பாலமும் சேருகிற இடத்தில் ஒரு படி. டக். இடது பக்கம், முன்னால், கீழே. அவள் காலடியில். மெல்லிசாக, வீட்டில் யாரோ ஒரு சொம்பை நகர்த்தி வைத்த மாதிரி. அவளுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

நிறுத்திவிட்டேன். ஒரு வாகை மரம், அதன் நிழலில் சமமான ரோடு. என்ஜினை அணைத்ததும் பறவைச் சத்தம் ஓவென்று வந்து விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். “அக்கா ஊடு வந்துருச்சுங்ளா?” “இல்ல வசந்தா. ஒரு போல்ட்டை முறுக்காம விட்டுட்டேன்னு நினைக்கிறேன். உன் பக்கத்துல. நேத்து அரிசி மூட்டையத் தூக்கிட்டு வந்தேன்ல, அப்போ.” வார்த்தை வார்த்தையாகப் பிய்த்துத்தான் சொல்ல வந்தது. அவள் காலை மெல்ல நகர்த்தி, “நான் இறங்கோணுங்ளா?” என்று கதவில் கை வைத்தாள். “வேண்டாம். நீ உக்காந்திரு. உன் கனத்தோட முறுக்கினாத்தான் சரியா இருக்கும்.” “அரிசி மூட்டைக்குப் பதிலா நானா?” என்று சிரித்தாள். நான் பின்னால் இருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஸ்பானரை எடுத்து, முன்சக்கரத்தைத் திருப்பி வைத்து, ரோட்டில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்தேன். என்ஜின் சூடு முகத்தில் அடித்தது. வலது பக்கம் மஞ்சள், மஞ்சள். இடது பக்கம் முன்னால் மஞ்சள். இடது பக்கம் பின்னால் வெறும் இரும்பு. புத்தம் புதுசாக, எண்ணெய் மினுமினுப்போடு, கோடில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்ப்ரிங். அவளைத் தாங்கிக்கொண்டு நின்றது ஸ்ப்ரிங். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இருந்த இடைவெளி அவளுடைய ஐம்பது கிலோதான். இவ்வளவு கிட்டத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. ஸ்பானரை மாட்டினேன். முறுக்கினேன். அரைச் சுற்று தாராளமாகப் போயிற்று, அரைச் சுற்று! அதற்குப் பிறகு இறுகியது, கை சொன்னது போதும் என்று, இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். ஸ்பானரை எடுத்தேன். எழுந்துவிடலாம். எழவில்லை. முகம் தெரியாத இடத்தில் கிடக்கிறபோதே சொல்லிவிட்டால் உண்டு.

“வசந்தா.” “சொல்லுங்.” “அன்னைக்கு ஸ்ப்ரிங் வெட்டறப்போ மருதாசலம் வேண்டாம்னு சொன்னாப்ல. நீ உக்கார்ற வண்டி, உன் முதுகுலதான் இடிக்கும்னு சொன்னாப்ல. நான்தான் வெட்டச் சொன்னேன். தெரிஞ்சேதான்.” ஒரு மொபெட் பால் கேனைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு கடந்து போயிற்று. நான் ஸ்ப்ரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எதைப் பார்ப்பது, அவள் முகம் எனக்கு இப்போது அதுதான். அது இறங்கியது. கால் அங்குலம் இருக்கும், மெதுவாக, என் பக்கமாக இறங்கியது. முதுகு வளையாதவள் கதவுப் பக்கம் சாய்கிறாள். “தெரியுமுங்” என்றாள். குரல் ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. “அவரு அன்னைக்கே ஊட்டுக்குப் போன் பண்ணுனாருங்க. அம்மா, சார் சொல்லச் சொல்லக் கேக்காம வெட்டிப்போட்டாருங்க, இந்த வண்டில மட்டும் நீங்க உக்காராதீங்கன்னு.” ஸ்பானரை ரோட்டில் வைத்தேன். “பின்ன ஏன் ஏறுன?” “நீங்க கூப்புட்டீங்கல்ல” என்றாள்.

ஆறு வருஷம். கட்டிலில், ஆஸ்பத்திரியில், தலையணைக்கு நடுவில், அத்தனை நாளும் நான் ஒளித்து வைத்ததை அவளும் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தாள், எனக்காக. மலைத்துப்போய்க் கிடக்கிறேன். அன்றைக்கு நான் கூப்பிட்டு ஏறினாள். இன்றைக்கு நான் கூப்பிடவே இல்லை. கதவுக்குக் கீழே அவள் கை வருகிறது, வளையல் இரண்டும் மணிக்கட்டுக்குச் சரிந்துவிட்டது, விரலுக்கு நடுவில் மஞ்சள் பேனா, சீட்டுக்கு எதிரே இருக்கிற முன்டப்பாவைத் திறந்து எடுத்திருக்கிறாள். “இந்தாங்க, கோடு போட்டுட்டு வாங்க. இட்லி ஆறுது.” வாங்கினேன். நட்டின் மேல் ஆரம்பித்து இரும்பு வரைக்கும் இழுத்தேன், கண்ணில் நீர் வைத்துக்கொண்டு இழுத்தால் கோடு நேராகவா வரும், பாம்பு நெளிந்த மாதிரி விழுந்தது. கம்பெனியாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லியிருப்பேன். பேனாவை மூடினேன். அவள் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறாள், ஸ்ப்ரிங் அப்படியே நிற்கிறது.